டாக்டர் படிப்புக் கடன்: தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீராம்பட்டினத்து மீனவர் குடும்பம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். குடும்பத் தலைவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். மனைவி மீன் விற்கிறார். மனைவிக்குத் தாய்வழியில் வந்த அரை ஏக்கர் தென்னந்தோப்பு அரியாங்குப்பம் பக்கம் இருக்கிறது. மூத்த மகள் சென்டாக் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்று, எம்.பி.பி.எஸ். முடித்து, சென்ற மாதம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்துவிட்டார். மகன் பிளஸ் டூ படிக்கிறான்.

மகள் படிப்புக்காக வங்கியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் ஐந்து முறை, மொத்தம் 7.5 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வட்டி 10%. அடமானம் எதுவும் வைக்கவில்லை. விடுதிக் கட்டணத்துக்காக ஊரில் ஒருவரிடம் 1 லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கும் வாங்கியிருக்கிறார்கள். மீன்பிடி தடைக்காலத்தில் படகு கரையில் நின்றபோது பாஸ்புக்கை எடுத்துப்போய்ப் பதிந்து பார்த்தால், கல்விக் கடன் பாக்கி 10 லட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாய் என்று வந்திருக்கிறது. “படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் ஒன்றும் கட்ட வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? ஏழரை எப்படிப் பத்தாச்சு?” என்பது தந்தையின் கேள்வி. மனை போட நிலம் தேடும் தரகர் ஒருவர் தோப்புக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். விற்று அடைத்துவிடலாம் என்கிறார் தந்தை. தாய்க்கு மனம் வரவில்லை. மகளோ மேல்படிப்புக்கு நீட் எழுத வேண்டும் என்கிறார். தோப்பை விற்கலாமா, கூடாதா?

பதில்: இப்போது விற்க வேண்டாம். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள் நான்கு இருக்கின்றன. அவற்றைச் செய்தால் விற்கும் தேவையே வராமல் போகலாம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஏழரை எப்படிப் பத்தானது?

வங்கியில் தவறு நடக்கவில்லை. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதை வங்கியில் ‘மாரடோரியம்’ என்பார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, கட்டாயப் பயிற்சி ஓராண்டு, அதன்பின் ஓராண்டு என்று டாக்டர் படிப்புக்கு இந்த விடுமுறை ஆறரை ஆண்டு வரை நீள்கிறது. தவணைக்குத்தான் விடுமுறை; வட்டிக்கு இல்லை. பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

முதல் ஆண்டு வாங்கிய 1.5 லட்சத்துக்கு இன்றுவரை ஐந்தரை ஆண்டு வட்டி. இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு நாலரை ஆண்டு. அடுத்தடுத்தவற்றுக்கு மூன்றரை, இரண்டரை, ஒன்றரை. எல்லாவற்றையும் கூட்டினால் 2 லட்சத்து 62 ஆயிரத்து 500 ரூபாய் வருகிறது. இதுவும் தனிவட்டிதான், கூட்டுவட்டி அல்ல. விடுமுறை முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஒன்றும் கட்டாமல் விட்டால் அதற்கு மேலும் 75,000 சேர்ந்து, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 10 லட்சத்து 87 ஆயிரத்து 500 ஆகிவிடும். அதுவே புது அசலாகிவிடும். அதன்பின் வட்டிக்கும் வட்டி கட்ட வேண்டியதுதான்.

இதைத் தொடக்கத்திலிருந்தே தவிர்த்திருக்கலாம். முதல் ஆண்டு மாதம் 1,250 ரூபாய், இரண்டாம் ஆண்டு 2,500, மூன்றாம் ஆண்டு 3,750, நான்காம் ஆண்டு 5,000, அதன்பின் 6,250 என்று வட்டியை மட்டும் கட்டிவந்திருந்தால் கடன் ஏழரை லட்சத்திலேயே நின்றிருக்கும். படிக்கும்போதே வட்டியைக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1% குறைத்தும் தருகின்றன.

தோப்பு அதற்குப் போதுமா? 25 அடிக்கு ஒரு கன்று என்று வைத்தால் அரை ஏக்கரில் 35 மரம் நிற்கும். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய், காய்க்கு 15 ரூபாய் என்று வைத்தால் 52,500 ரூபாய். வெட்டுக்கூலி, உரம், தண்ணீர்ச் செலவு போகக் கையில் 30,000 நின்றாலும் மாதம் 2,500 ஆகிறது. அதாவது முதல் இரண்டு ஆண்டு வட்டியைத் தோப்பே கட்டியிருக்கும். போனது போகட்டும். பிள்ளையைப் படிக்கவைக்கப் போகிற மற்ற குடும்பங்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை: வருமானச் சான்றிதழ்

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தொழிற்கல்வி படிக்கும் பிள்ளையின் கல்விக் கடனுக்கு விடுமுறைக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் வாங்கிய கடனுக்கு இது. இதற்குத் தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழை வங்கிக் கிளையில் கொடுத்து, வட்டி மானியத்துக்கு என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் விண்ணப்பத்தோடு கொடுத்த சான்றிதழே போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் பாஸ்புக்கில் மானியம் என்று ஒரு வரவும் இல்லை. ஆகவே நாளைக்கே கிளைக்குப் போய், இதுவரை மானியம் கோரப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்க வேண்டும். மானியக் கோரிக்கைகள் ஆண்டுவாரியாக, கனரா வங்கி வழியாகப் போகின்றன. கடந்துபோன ஆண்டுகளுக்குத் திரும்பக் கேட்டு வாங்குவது கடினம். ஆனால் விடுமுறை முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. இந்த ஓராண்டுக்கு மட்டும் கோரிக்கை ஏற்கப்பட்டாலும் 75,000 ரூபாய் மிச்சம். தோப்பின் இரண்டரை வருட வருமானம் அது.

கிளையில் சரியான பதில் 30 நாளில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இரண்டாம் வேலை: மூன்று வட்டியை முதலில் அடையுங்கள்

கடிதத்தில் கல்விக் கடனைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மூன்று வட்டிக் கடனுக்கு ஒரே ஒரு வரி. உண்மையில் குடும்பத்தை அரிப்பது அந்த ஒரு வரிதான். மூன்று வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய்; ஆண்டுக்கு 36%. வங்கிக் கடனில் 1 லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். வெளிக்கடனில் 1 லட்சத்துக்கு 3,000 ரூபாய். ஏழரை லட்சத்துக்கு வங்கி கேட்கும் வட்டியில் ஏறக்குறையப் பாதியை இந்த ஒரு லட்சமே விழுங்குகிறது.

வீட்டில் நகை மிச்சமிருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கி இதை அடைத்துவிடலாம். வட்டி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நகை இல்லையென்றால் மகளின் முதல் சில மாதச் சம்பளம் இதற்குத்தான் போக வேண்டும். எத்தனை கடன் இருந்தாலும் வட்டி அதிகமான கடனே முதலில் அடைய வேண்டியது. பெரிய கடன் பயமுறுத்தும். அதிக வட்டிக் கடன்தான் அழிக்கும்.

மூன்றாம் வேலை: இந்த ஓராண்டு வட்டி

மகள் இப்போது பதிவு பெற்ற டாக்டர். மருத்துவமனைகளில் டியூட்டி டாக்டராகச் சேரலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான ஒப்பந்தப் பணி அறிவிப்புகளைப் பார்க்கலாம். மத்திய அரசுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வையும் எழுதலாம். மேல்படிப்புக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையே பார்க்காமல் ஓராண்டு படித்தால் கல்விக் கடனில் 75,000, வெளிக்கடனில் 36,000 என்று 1 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய் வட்டி சேரும். இந்தக் கணக்கை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு முடிவை அவரே எடுக்கட்டும்.

மானியம் கிடைக்காமல் போனால், மகள் சம்பளத்திலிருந்து மாதம் 6,250 கட்டிவந்தாலே கடன் இன்றைய அளவில் நின்றுவிடும். அப்போது 15 ஆண்டில் அடைப்பதற்கு மாதத் தவணை 10,880 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 19 லட்சத்து 58 ஆயிரம். 10 ஆண்டில் அடைத்தால் தவணை 13,380. மொத்தம் சுமார் 16 லட்சத்து 6 ஆயிரம். மாதம் 2,500 கூடுதலாகக் கட்டினால் மூன்றரை லட்சம் மிச்சமாகிறது. ஒன்றும் கட்டாமல் விடுமுறையை முடித்து 15 ஆண்டுக்கு இழுத்தாலோ மொத்தம் 21 லட்சத்தைத் தாண்டும்.

சம்பளத்தில் தவணை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதனால் முதலில் 15 ஆண்டுக் கணக்கில் தவணையை வைத்துக்கொண்டு, கையில் பணம் வரும்போதெல்லாம் அசலில் கட்டுவது பாதுகாப்பானது. முன்கூட்டிக் கட்டினால் இந்தக் கடனுக்கு அபராதம் கிடையாது. கட்டும்போது ‘அசலில் வரவு வையுங்கள்’ என்று சொல்லிக் கட்ட வேண்டும்.

தவணை மகளின் கணக்கிலிருந்தே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுப்பது நல்லது. கடலை நம்பிய வருமானம் மாதாமாதம் ஒரே சீராக வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு இறங்காது. தந்தை கணக்கில் தவணையைப் போட்டால் அந்த இரண்டு மாதமும் தவறும்.

கல்யாணப் பேச்சு வந்தாலும் இந்தக் கடனை மறைக்க வேண்டாம். கடன்தாரர் மகள்தான், கல்யாணம் ஆனாலும் கடன் அவர் பெயரில்தான் நிற்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

நான்காம் வேலை: மேல்படிப்பு என்றால் முன்கூட்டி எழுதுங்கள்

மகளுக்கு எம்.டி. அல்லது எம்.எஸ். இடம் கிடைத்தால் மூன்று ஆண்டு படிப்பு. இடம் கிடைத்ததுமே, தவணை தொடங்கும் முன்பே, சேர்க்கைக் கடிதத்தின் நகலோடு வங்கியில் விடுமுறையை நீட்டித்துத் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். கேட்காமலே வங்கி நீட்டிக்காது. நீட்டித்தாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மேல்படிப்பில் உதவித்தொகை வரும். அதிலிருந்து வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் கடன் ஏறாது. பல மாநிலங்களில் அரசு ஒதுக்கீட்டு மேல்படிப்பு இடங்களுக்குக் கட்டாயச் சேவை ஒப்பந்தம் உண்டு. பாதியில் விட்டால் பெருந்தொகை கட்ட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதையும் ஒரு கடனாகவே நினைத்துப் படிக்க வேண்டும்.

தோப்பு என்ன ஆவது?

வெறும் வட்டிக் கணக்குப் பார்த்தால் விற்பதுதான் லாபம் என்று தோன்றும். ஆண்டுக்கு 30,000 தரும் தோப்பை விற்று, ஆண்டுக்கு 75,000 வட்டி கேட்கும் கடனை அடைத்தால் 45,000 மிச்சம்தானே? ஆனால் அந்தக் கடனைச் சுமக்க இப்போதுதான் சம்பாதிக்கும் ஒரு தோள் வந்திருக்கிறது. தோப்போ தாயின் பெயரில் இருக்கும் ஒரே சொத்து. மகன் படிப்புக்கும் முதுமைக்கும் அதுதான் பின்பலம். டவுனை ஒட்டிய நிலம் ஒருமுறை கைவிட்டுப் போனால் திரும்ப வாங்க முடியாது. தடைக்காலத்தில் கையில் காசில்லாத நேரம் பார்த்து வரும் தரகர் சொல்லும் விலை நல்ல விலையாகவும் இருக்காது.

ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம். மகளுக்கு வேலை அமையாமல், வட்டியும் கட்ட முடியாமல் போனால் அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம். அதுவும் தேவைக்கு ஒரு பகுதியை மட்டும், நாலு பேரிடம் விலை கேட்டு.

அதுவரை தோப்பும் தன் பங்கைச் செய்யட்டும். காய்க்கிற மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை இரண்டாகப் பிரித்து ஜூன்–ஜூலையில் ஒருமுறையும் டிசம்பர்–ஜனவரியில் ஒருமுறையும் வைத்து, தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் பொட்டாஷைக் குறைத்தால் காய்ப்பு குறையும். விற்கப் போகிற தோப்புதானே என்று உரத்தை நிறுத்தியிருந்தால் இந்தப் பருவத்திலேயே மறுபடியும் தொடங்க வேண்டும்.

கட்ட முடியாமல் போனால்?

ஒளிந்துகொள்ளக் கூடாது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் பட்டியலில் சேர்ந்துவிடும். மகளின் சிபில் மட்டுமல்ல, இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட தந்தையின் சிபிலும் கெடும். பிறகு படகுக் கடனுக்கோ கிசான் கார்டுக்கோ போனால் அந்தக் கணக்குத்தான் முதலில் முன்னே வந்து நிற்கும். 90 நாளுக்கு முன்பே மேலாளரைப் பார்த்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி எழுத்தில் கேட்க வேண்டும். வேலை இல்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், தவறிய தவணைக்கு வங்கி அபராதக் கட்டணம்தான் போடலாம். அதை அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

---

கேள்வி: பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள். கல்விக் கடனும் ஒருநாள் தள்ளுபடி ஆகும் என்று கட்டாமல் இருக்கலாமா? (பாகூர் வாசகர்)

பதில்: கூடாது. 2008-ல் மத்திய அரசு அறிவித்த தள்ளுபடி விவசாயக் கடனுக்கு மட்டும்தான். தேர்தல் மேடைப் பேச்சை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு வட்டிதான் ஏறியது. அரசாணையாக வந்து, வங்கிக் கணக்கில் வரவாகும் வரை எந்தத் தள்ளுபடியும் தள்ளுபடி அல்ல. இன்னொன்று: பயிர்க்கடனை 4% வட்டிக்கு வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் வேண்டாம். பயிர்க்கடன் அறுவடைக்குத் திரும்ப வேண்டும், எம்.பி.பி.எஸ். அறுவடைக்கு ஆறு வருடம் ஆகும்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் படித்து நீட் எழுதியிருக்கிறாள். கடன் இல்லாமல் டாக்டர் ஆக வழி உண்டா? (நெட்டப்பாக்கம் வாசகர்)

பதில்: உண்டு. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர், 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் மிகக் குறைவு. புதுச்சேரி மாணவர்களுக்கென்று அங்கே தனி இடங்களும் உண்டு. அதற்கு அகில இந்தியக் கலந்தாய்வில் பதிய வேண்டும். கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் சென்டாக்கில் பதிய வேண்டும். 2023-24 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10% உள் ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டு கலந்தாய்விலும் பதிவதை விட்டுவிட வேண்டாம். சென்டாக் மூலம் சேர்கிறவர்களுக்கான காமராஜர் கல்வி நிதியுதவி பற்றி உயர்கல்வி இயக்ககத்தில் கேட்டறியலாம். இவை போகக் கடன் தேவைப்பட்டால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடமானமோ ஜாமீனோ கேட்க மாட்டார்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இது பொருந்தாது. எந்தக் கடனானாலும் வட்டி, கட்டணம், மொத்தம் கட்டவேண்டிய தொகை எல்லாம் எழுதிய ‘முக்கிய விவரத் தாளை’ உங்களுக்குப் புரியும் மொழியில் வங்கி தர வேண்டும். தமிழில் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: நிலத்தை அடமானம் வைத்து மகனை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாமா? (திருக்கனூர் வாசகர்)

பதில்: ஏஜென்ட் சொல்லும் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15% கையிலிருந்து போட வேண்டும், 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் சொத்து அடமானம் கேட்பார்கள். 2021 விதிப்படி ஒரே நிறுவனத்தில் குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படித்து, அங்கே 12 மாதம் பயிற்சி முடித்து, இந்தியாவிலும் 12 மாதம் பயிற்சி செய்ய வேண்டும். இடையில் 300 மதிப்பெண் தேர்வில் 150 வாங்கினால்தான் இங்கே டாக்டராகத் தொழில் செய்ய முடியும். எழுதுகிறவர்களில் தேறாதவர்களே அதிகம். 2022-ல் உக்ரைனில் போர் வந்தபோது படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர்களுக்கும் கடன் நின்றது. மகன் தேர்வில் முதல் முறை தேறாவிட்டால், நிலத்தைத் தொடாமல் இரண்டு வருடம் வட்டி கட்ட வழி இருக்கிறதா? அதற்கு வீட்டில் பதில் இருந்தால் மட்டும் அடுத்த அடி எடுத்துவையுங்கள்.